சார்ட்டர் பள்ளியில் இடம் விழுந்திருக்கிறது, மாவட்டப் பள்ளியை விடலாமா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். குலுக்கலில் ஒரு சார்ட்டர் பள்ளியின் ஆறாம் வகுப்பில் அவளுக்கு இடம் விழுந்திருக்கிறது, பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ரேட்டிங் ‘ஏ’ போட்டிருக்கிறார்கள். இது அரசுப் பள்ளியா, தனியாரா? சேர்த்தபிறகு பணம் கேட்பார்களா? இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குப் பேச்சுப் பயிற்சிக்கான ஐ.இ.பி. (சிறப்புக் கல்விக்கான தனிநபர் திட்டம்) இருக்கிறது. அவனையும் அங்கே மாற்றலாமா?

பதில்:

பணத்தைப் பற்றிய பயம் வேண்டாம். சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளி. கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது, மதச் சார்பு கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான் போட வேண்டும். சீருடை, சுற்றுலா, கிளப் என்று சின்னச் செலவுகள் வரும், அவை மாவட்டப் பள்ளியிலும், அதாவது உங்கள் முகவரிக்கு உரிய பள்ளி மாவட்டம் நடத்தும் பள்ளியிலும், உண்டு. “பெற்றோர் நன்கொடை” என்று ஒரு படிவம் வரலாம். அது விருப்பம் சார்ந்தது, கொடுக்காததற்காக இடத்தைப் பறிக்க முடியாது.

இனி முக்கியமான விஷயம். சார்ட்டர் என்ற சொல் அந்தப் பள்ளி நல்லதா கெட்டதா என்று உங்களுக்குச் சொல்லாது. அது ஒரு ஒப்பந்தத்தின் பெயர். தமிழில் பட்டயம் என்போமே, அதுதான். ஆனால் சந்திரரும் சூரியரும் உள்ளவரை செல்லும் என்று எழுதிக்கொடுத்த பட்டயம் அல்ல இது, கெடு வைத்த பட்டயம். ஆகவே ‘சார்ட்டர் நல்லதா?’ என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் கிடையாது. இந்தப் பட்டயத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள், எந்த வருஷம் முடிகிறது, கட்டடம் யாருடையது, சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கடைசிவரை இருக்கிறார்கள் என்ற நாலு கேள்விக்குப் பதில் உண்டு. பத்து நாள் அதற்குத் தாராளம்.

ஊரில் அரசு உதவி பெறும் பள்ளியைப் பார்த்தவர்களுக்கு இது பாதி புரியும். அங்கேயும் நிர்வாகம் தனியார், பணம் அரசுடையது. வித்தியாசம் எங்கே என்றால், உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் பணியிடத்தை அரசு அனுமதித்து, சம்பளத்தையும் அரசே கொடுக்கிறது. சார்ட்டரில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் வருகிறது. அதிலிருந்து வாத்தியார் சம்பளம், கட்டட வாடகை, பஸ் எல்லாவற்றையும் பள்ளியே பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை விலகினால் பணமும் விலகும். சார்ட்டர் பள்ளிகளின் நல்லது கெட்டதில் பெரும்பகுதி இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து வருவதுதான்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988இல் அமெரிக்க ஆசிரியர் சங்கங்களில் ஒன்றின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஷேங்கர் இதைப் பெரிதாக எடுத்துப் பேசினார். ஆசிரியர்களே கூடிப் புதுவிதமாகக் கற்பித்துப் பார்க்க ஒரு சின்னப் பள்ளி, அதில் பலித்ததை மற்றப் பொதுப்பள்ளிகளுக்குக் கொண்டுபோவது என்பதே அவர் நினைத்தது. மினசோட்டா 1991இல் முதல் சட்டம் இயற்றியது, 1992இல் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. பத்து வருஷத்துக்குள் இது ஆசிரியர் சோதனைக்கூடமாக இல்லாமல் மாவட்டப் பள்ளிக்குப் போட்டியாக வளர்ந்தது, ஷேங்கரே அதை விமர்சிக்கத் தொடங்கிவிட்டார். இன்று நாடு முழுக்க ஏறக்குறைய 37 லட்சம் பிள்ளைகள் இவற்றில் படிக்கிறார்கள். டெக்சாஸில் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல். ‘பொதுப்பள்ளிக்கு உதவ வந்ததா, அதை அரிக்க வந்ததா’ என்று இன்றும் நடக்கும் சண்டைக்கு வேர் அந்த ஆரம்பத்திலேயே இருக்கிறது.

டெக்சாஸ் சட்டம் 1995இல் வந்தது. உங்களுக்கு வந்த கடிதம் அநேகமாக ‘ஓப்பன் என்ரோல்மென்ட்’ வகைப் பள்ளியிடமிருந்து வந்திருக்கும். அதற்கு அனுமதி தருவது உங்கள் ஊர்ப் பள்ளி மாவட்டம் அல்ல, மாநிலக் கல்வித்துறையான டி.இ.ஏ. முதல் பட்டயம் 5 வருஷம், புதுப்பித்தால் பொதுவாக 10 வருஷம். கல்வியிலோ நிதியிலோ தொடர்ந்து மூன்று வருஷம் தேறாத பள்ளியின் பட்டயத்தை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று 2013இல் சட்டத்தை இறுக்கினார்கள். மற்ற மாநிலங்களில் இது வேறு மாதிரி. அரிசோனாவில் 15 வருஷம் கொடுக்கிறார்கள், மிச்சிகனில் பல்கலைக்கழகங்கள் அனுமதி தருகின்றன, கலிபோர்னியாவில் பெரும்பாலும் உள்ளூர் மாவட்டமே தருகிறது. அதனால் வேறு மாநிலத்து நண்பர் சொல்லும் அனுபவத்தை அப்படியே உங்கள் ஊருக்குப் பொருத்த வேண்டாம்.

பட்டயம் கொடுக்கும் சுதந்திரம் எது என்றால், பாடத்தை எப்படி நடத்துவது, நாள் எவ்வளவு நீளம், யாரை வேலைக்கு எடுப்பது, என்ன சம்பளம் என்பவை. டெக்சாஸில் சார்ட்டர் ஆசிரியருக்கு இளங்கலைப் பட்டம் போதும். சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி போன்ற சில பணிகளுக்குத் தவிர ஆசிரியர் சான்றிதழ் கட்டாயம் இல்லை. விடுபடாதவை மாநிலப் பொதுத்தேர்வான ஸ்டார், ஊனமுற்ற பிள்ளைகளுக்கான மத்தியச் சட்டம், பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள், பள்ளி நிர்வாக வாரியத்தின் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவைக்கும் சட்டம். கடைசியாகச் சொன்னது உங்களுக்குக் கைகொடுக்கும். வாரியக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது பணம். டெக்சாஸில் ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலராக இருந்தது, 2025இல் 55 டாலர் கூட்டினார்கள். இதன்மேல் பல கூடுதல் தொகைகள் சேரும், கணக்கு வருகைப்பதிவை வைத்துத்தான். மாவட்டத்துக்கு உள்ளூர்ச் சொத்து வரியும் உண்டு, பள்ளி கட்டக் கடன்பத்திரத்துக்கு மக்களிடம் வாக்கும் கேட்கலாம். சார்ட்டருக்கு இரண்டும் கிடையாது. கட்டடத்துக்கென்று சிறு தொகை வரத் தொடங்கியதே 2017 சட்டத்துக்குப் பிறகுதான். அதனால்தான் பல சார்ட்டர் பள்ளிகள் பழைய கடைவளாகத்திலோ தேவாலயத்தின் பின்கட்டிலோ நடக்கின்றன. விளையாட்டுத் திடல் இருக்காது, அறிவியல் கூடம் சின்னதாக இருக்கும். வகுப்புக்குப் போக வேண்டிய காசு வாடகைக்குப் போகிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து 100 பிள்ளைகள் சார்ட்டருக்குப் போனால் அடிப்படைத் தொகையில் மட்டும் 6 லட்சம் டாலருக்கு மேல் குறையும். அந்த 100 பேரும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. பத்துப் பள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வகுப்பு என்று வைத்தால், வகுப்புக்கு இரண்டு பேர்கூட இல்லை. இரண்டு பேர் குறைந்ததற்காக ஒரு ஆசிரியரை நிறுத்த முடியாது, பஸ் அதே தடத்தில் ஓட வேண்டும், ஏசி அதே அளவுக்கு ஓட வேண்டும். வரவு உடனே குறையும், செலவு மெதுவாகத்தான் குறையும். இடைப்பட்ட வருஷங்களில் வெட்டு விழுவது நூலகர், ஆலோசகர், இசை ஆசிரியர் மேல். போகாமல் அங்கேயே இருக்கும் பிள்ளைகள்தான் அதைச் சுமக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு ‘போட்டி எல்லாரையும் உயர்த்தும்’ என்று மட்டும் பேசுவது நேர்மை அல்ல. மாவட்டங்களின் எல்லாக் கஷ்டத்தையும் சார்ட்டர் தலையில் போடுவதும் சரியில்லை. பிளேனோ மாவட்டம் 2024இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தபோது, பிறப்பு விகிதம் குறைந்ததும் வீட்டு விலை ஏறி இளம் குடும்பங்கள் வராததும் பெரிய காரணங்களாக இருந்தன.

சரி, பிள்ளை கூடுதலாகப் படிக்குமா? ஸ்டான்ஃபோர்டில் கிரீடோ என்ற ஆய்வு மையம் சார்ட்டர் மாணவரையும், அவரைப் போன்ற மாவட்டப் பள்ளி மாணவரையும் ஜோடி சேர்த்து ஒப்பிட்டு வருகிறது. 2009 அறிக்கையில், கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் மேலாகவும் 37 சதவீதம் மோசமாகவும் இருந்தன, மீதிக்கு வித்தியாசம் இல்லை. 2023 அறிக்கையில் படம் மாறியது. வாசிப்பில் 16 நாளும் கணிதத்தில் 6 நாளும் கூடுதலாகக் கற்றதற்குச் சமமான முன்னேற்றம் என்றார்கள். அந்த ‘நாள்’ பள்ளி நடந்த நாள் அல்ல, தேர்வு மதிப்பெண் வித்தியாசத்தை 180 நாள் வருஷமாக மாற்றிச் சொல்லும் ஒரு கணக்கு. 16 நாள் என்பது சின்ன வித்தியாசம். மோசமான பள்ளிகள் மூடப்பட்டதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம்.

சராசரிக்குள் ஒளிந்திருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. பாஸ்டன் நகரத்தில் குலுக்கலில் வென்ற பிள்ளைகளையும் தோற்ற பிள்ளைகளையும் வைத்து ஆராய்ந்தார்கள். இரு தரப்புப் பெற்றோரும் ஒரே அக்கறையோடு விண்ணப்பித்தவர்கள் என்பதால் இந்த ஒப்பீட்டுக்குப் பலம் அதிகம். நகர்ப்புறச் சார்ட்டர்களில் முன்னேற்றம் மிகப் பெரிது. அதே மாசசூசெட்ஸில் புறநகர்ச் சார்ட்டர்களில் பலன் இல்லை, சில பாடத்தில் பின்னடைவுகூடத் தெரிந்தது. காரணத்தை யோசித்தால் புரியும். நகர்ப்புறப் பிள்ளை விட்டுவந்த பள்ளி திணறிக்கொண்டிருந்த பள்ளி, புறநகர்ப் பிள்ளை விட்டுவந்தது ஏற்கெனவே நன்றாக நடந்த பள்ளி. நீங்கள் இருக்கும் பகுதி இரண்டாவது வகை. பள்ளி எல்லையைப் பார்த்துப் பார்த்து வீடு எடுத்து, அதற்கான சொத்து வரியையோ வாடகையையோ கட்டிக்கொண்டிருப்பவர்கள், அதைவிட மேலானது என்று நிரூபிக்கும் பொறுப்பைப் புதுப் பள்ளியின்மேல் வைக்க வேண்டும். மாவட்டப் பள்ளி தன்னை நிரூபிக்க வேண்டிய நிலையில் இல்லை.

நன்றாக நடக்கும் சார்ட்டர்கள் ஏன் நன்றாக நடக்கின்றன என்பதையும் தேடியிருக்கிறார்கள். நியூயார்க்கில் சில டஜன் சார்ட்டர்களை ஆராய்ந்த ரோலண்ட் ஃபிரையரும் வில் டாபியும், வகுப்பின் அளவோ தலைக்குச் செலவோ பெரிதாகக் கணிக்க உதவவில்லை என்று கண்டார்கள். உதவியவை ஐந்து: ஆசிரியர் வகுப்பை அடிக்கடி பார்த்துத் திருத்தம் சொல்வது, சிறு தேர்வுகளை வைத்துப் பாடத்தை மாற்றிக்கொள்வது, சின்னக் குழுவில் தீவிரத் தனிப்பயிற்சி, நீண்ட பள்ளி நேரம், உயர்ந்த எதிர்பார்ப்பு. பிறகு ஃபிரையர் இந்த ஐந்தையும் ஹூஸ்டன் மாவட்டத்தின் 20 சாதாரணப் பள்ளிகளில் 2010 முதல் செய்து பார்த்தார். கணிதத்தில் நல்ல ஏற்றம், வாசிப்பில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஷேங்கர் 1988இல் ஆசைப்பட்டது இதைத்தான். பள்ளியைப் பார்க்கப் போகும்போது இந்த ஐந்தையும் மனதில் வைத்துப் போங்கள். “ஒரு பிள்ளை பின்னங்களில் பின்தங்கினால் அடுத்த வாரம் என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். செவ்வாய், வியாழன் கடைசிப் பீரியடில் இன்ன ஆசிரியர் நாலு பேரை உட்காரவைக்கிறார் என்று பதில் வந்தால் அது பள்ளி. நாங்கள் ஒவ்வொரு குழந்தையையும் தனித்துவமாகப் பார்க்கிறோம் என்று மட்டும் வந்தால் மேலும் கேளுங்கள்.

ஆன்லைன் சார்ட்டர் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். அதே 2023 அறிக்கையில் வாசிப்பில் 58 நாளும் கணிதத்தில் 124 நாளும் பின்னடைவு. நோயினாலோ வேறு கட்டாயத்தாலோ வீட்டிலேயே இருக்க வேண்டிய பிள்ளைக்குத் தவிர அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது அந்த ‘ஏ’. முதலில், அது எந்த ‘ஏ’ என்று பாருங்கள். டெக்சாஸில் டி.இ.ஏ. தரும் மதிப்பீட்டில் சார்ட்டர் நிறுவனம் முழுவதற்கும் ஒரு எழுத்து, ஒவ்வொரு வளாகத்துக்கும் தனி எழுத்து. பத்துப் பதினைந்து வளாகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் ‘ஏ’யைப் பார்த்து, ‘சி’ வாங்கிய வளாகத்தில் பிள்ளையைச் சேர்த்துவிடலாம். அடுத்து, எந்த வருஷத்து எழுத்து என்று பாருங்கள். 2023, 2024 மதிப்பீடுகள் வழக்கில் சிக்கி 2025இல்தான் வெளிவந்தன. பழைய பேனர் இன்னும் சுவரில் தொங்கலாம். பிறகு அந்த எழுத்துக்குள் போங்கள். மாணவர் சாதனை, பள்ளி முன்னேற்றம் என்ற இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைத்தலுக்கு 30 சதவீதம் என்பது கணக்கு. சாதனை என்பது எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டும். பள்ளி என்ன செய்தது என்று பார்க்க முன்னேற்ற மதிப்பெண்ணை, அதிலும் வருஷத்துக்கு வருஷம் அதே பிள்ளையின் வளர்ச்சியைக் காட்டும் பகுதியைப் பாருங்கள்.

அடுத்துச் செய்ய வேண்டியதைப் பெரும்பாலான பெற்றோர் செய்வதில்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. டி.இ.ஏ. தளத்தில் ஒவ்வொரு வளாகத்துக்கும் டாப்பர் என்ற ஆண்டறிக்கை இருக்கிறது. அதில் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை வரும். அடுத்தடுத்த மூன்று வருஷ அறிக்கையை எடுத்துக் குறுக்காகப் படியுங்கள். முதல் வருஷத்து ஆறாம் வகுப்பு, அடுத்த வருஷத்து ஏழாம் வகுப்பு, அதற்கடுத்த வருஷத்து எட்டாம் வகுப்பு. அது ஒரே பிள்ளைகளின் கூட்டம். உதாரணத்துக்கு 120, 101, 78 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 பேர் குறைந்திருக்கிறார்கள். மாவட்டப் பள்ளியிலும் பிள்ளைகள் வீடு மாறிப் போவார்கள், ஆனால் வருஷ நடுவில் வந்து நிற்கும் புதுப் பிள்ளையை அது மறுக்க முடியாது, எண்ணிக்கை நிரம்பிவிடும். பல சார்ட்டர்கள் மேல் வகுப்பில் காலி இடத்தை நிரப்புவதில்லை. போன 42 பேர் பின்தங்கிய பிள்ளைகளாக இருந்தால், யாரும் கூடுதலாக ஒன்றும் படிக்காமலே எட்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் உயரும். அதே அறிக்கையில் ஆசிரியர்களின் சராசரி அனுபவ வருஷம், முதல் வருஷ ஆசிரியர் எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பது நிறுவனம் முழுவதற்குமான அறிக்கையில் இருக்கும். நிறுவனத்தின் ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்கு வருஷாவருஷம் மாறினால், போன வருஷத்து ‘ஏ’யை வாங்கிக்கொடுத்தவர்கள் இந்த வருஷம் அங்கே இருக்க மாட்டார்கள்.

பட்டயமும் பணமும் பார்க்க வேண்டிய இடம் தணிக்கை அறிக்கை. படிக்கச் சலிப்பாக இருக்கும், எண்களைத் தாண்டிக் கடைசியில் வரும் குறிப்புகளுக்கு நேராகப் போங்கள். ‘தொடர்புடையோர் பரிவர்த்தனை’ என்ற குறிப்பில் கட்டடம் யாருடையது, வாடகை யாருக்குப் போகிறது என்று இருக்கும். பள்ளியை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு வேண்டியவர்களே கட்டடத்தின் சொந்தக்காரர்களாக இருந்தால், வாடகையைக் குறைக்கச் சொல்லி யாரும் பேரம் பேசப் போவதில்லை. ‘தொடர்ந்து இயங்கும் திறன் குறித்து ஐயம்’ என்ற பொருளில் தணிக்கையாளர் ஒரு வரி எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், அந்த வருஷம் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். வாரியக் குறிப்பில் பட்ஜெட் போட்டபோது எதிர்பார்த்த எண்ணிக்கையும் செப்டம்பரில் வந்த எண்ணிக்கையும் இருக்கும். 400 பேர் வருவார்கள் என்று ஆசிரியர்களை எடுத்து, கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டு, 310 பேர் வந்தால் பள்ளி ஜனவரிக்குள் திணறும். சார்ட்டர்கள் மூடப்படுவதற்கு மோசமான பாடத்தைவிட ஆள் சேராததும் காசு தீர்ந்ததும் பெரிய காரணம். புதிதாகத் திறக்கும் பள்ளிக்கு முதல் மூன்று வருஷம்தான் கண்டம்.

நல்ல மதிப்பெண்ணும் நல்ல கணக்கும் ஒன்றாகத்தான் வரும் என்று நம்ப வேண்டாம். டெக்சாஸின் மிகப் பெரிய சார்ட்டர் நிறுவனமான ஐடியா பப்ளிக் ஸ்கூல்ஸ், ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதில் பெயர் வாங்கியது. 2019இல் அதன் நிர்வாகம் தனி விமானம் ஒன்றைப் பல வருஷக் குத்தகைக்கு எடுக்கத் திட்டமிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. 2024 மார்ச்சில் டி.இ.ஏ. அங்கே கண்காணிப்பாளர்களை நியமித்தது. ஒஹாயோவில் ஈகாட் என்ற ஆன்லைன் சார்ட்டர் 15,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பணம் வாங்கியது, மாநிலம் பதிவேட்டைச் சரிபார்த்தபோது முழுநேரக் கணக்கில் 6,300 பேருக்குத்தான் ஆதாரம் இருந்தது. 2018 ஜனவரியில், படிப்பு வருஷத்தின் நடுவில், அது மூடிக்கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மாதமே வேறு பள்ளி தேடின.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன், இதில் அவசரம் வேண்டாம். சார்ட்டர் பள்ளி ஐ.இ.பி.யை ஏற்றே ஆக வேண்டும், டெக்சாஸில் சார்ட்டர் நிறுவனமே தனி மாவட்டமாகக் கணக்கு, பொறுப்பு முழுக்க அதனுடையது. விண்ணப்பத்தில் இயலாமை பற்றிக் கேட்கவும் கூடாது. இடம் கிடைத்து மாறினால், ஐ.இ.பி.யை முடிவுசெய்யும் ஏ.ஆர்.டி. குழு புதிதாகக் கூடி முடிவெடுக்கும்வரை பழைய ஐ.இ.பி.க்கு இணையான சேவை கிடைக்க வேண்டும். “இங்கே பேச்சுப் பயிற்சி வசதி இல்லை, உங்கள் மாவட்டப் பள்ளிதான் அவனுக்குப் பொருத்தம்” என்று யாராவது சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பு. வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், அநேகமாக அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் டி.இ.ஏ.விடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், 60 நாளுக்குள் அவர்கள் தீர்வு சொல்ல வேண்டும்.

சட்டம் இப்படி, நடைமுறை வேறு. பெரிய மாவட்டத்தில் பேச்சுப் பயிற்சியாளர் அதே வளாகத்தில் இருப்பார், விடுப்பில் போனால் இன்னொருவர் வருவார். சின்னச் சார்ட்டரில் ஒப்பந்த ஆள் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், அல்லது வீடியோவில் நடத்துவார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘ர’வையும் ‘ழ’வையும் போல நாக்கின் இடத்தைக் காட்டிச் சொல்லித்தர வேண்டிய வேலை வீடியோவில் கஷ்டம். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: பயிற்சியாளர் எந்த நாள், எத்தனை மணி நேரம் நேரில் இருக்கிறார்? மகளைச் சேர்த்தால் தம்பிக்கு அடுத்த வருஷமும் உடன்பிறப்பு முன்னுரிமை வழக்கமாகக் கிடைக்கும். அவனை இப்போதே மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அவனுக்குப் பயிற்சி நன்றாக நடக்கிறதென்றால் ஒரு வருஷம் அங்கேயே இருக்கட்டும் என்பேன்.

மகளுக்கு ஆறாம் வகுப்பு என்பதால் இரண்டு விஷயம். டெக்சாஸ் மாவட்டப் பள்ளிகளில் பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில்தான் தொடங்கும், கருவி தேர்ந்தெடுப்பது இந்த வசந்தத்திலேயே நடந்துவிடும். பல சார்ட்டர்களில் அது இல்லை, இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினால் பிடிப்பது கடினம். கணிதம் இன்னும் முக்கியம். ஐந்தாம் வகுப்பு ஸ்டார் கணிதத்தில் மேல் 40 சதவீதத்தில் வந்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் தானாகவே மேம்பட்ட கணித வகுப்பில் சேர்க்க வேண்டும், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்க அதுதான் வழி என்று 2023 சட்டம் சொல்கிறது. சார்ட்டருக்கும் அது பொருந்தும். ‘உங்களிடம் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுத்தவர்கள் இந்த வருஷம் எத்தனை பேர்?’ என்று எண்ணாகக் கேளுங்கள். மகள் இப்போது மாவட்டத்தில் திறன்மிகு மாணவர்களுக்கான ஜி.டி. பிரிவிலோ, ஒரு துறையில் சிறப்புக் கவனம் தரும் மேக்னட் பள்ளியிலோ இடம் வைத்திருந்தால், வெளியேறினால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

பஸ் தர வேண்டும் என்ற கட்டாயம் சார்ட்டருக்கு இல்லை. பள்ளி 11 மைலில் இருந்தால் காலையும் மாலையும் போய்வர 44 மைல், 170 நாளில் ஏறக்குறைய 7,500 மைல். வேலைக்குப் போகும் இருவரில் யார் மூன்றரை மணிக்கு வரிசையில் காரோடு நிற்பது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். பாதியில் திரும்புகிற குடும்பங்களில் பலவற்றுக்குக் காரணம் பாடம் அல்ல, இந்த வரிசை.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முகவரிக்கு வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும், பழைய பள்ளி அறிக்கை ஆகியவை வேண்டும். விசா நிலையைக் கேட்டு இடத்தை மறுக்க முடியாது, 1982இலேயே உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் அதை முடித்துவைத்துவிட்டது. அந்த வழக்கே டெக்சாஸில் கிளம்பியதுதான். பிள்ளைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டால் பள்ளியே மாற்று எண் கொடுக்கும். விண்ணப்பத்தில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிக் கேட்டால் அது டெக்சாஸ் சட்டம் அனுமதிப்பது, உண்மையை எழுதுங்கள். 2026-27இல் தொடங்கும் கல்விச் சேமிப்புக் கணக்கையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தனியார் பள்ளிக்கான பணம்.

இந்தப் பத்து நாளில், டாப்பரையும் தணிக்கைக் குறிப்பையும் முதல் இரண்டு மாலையில் முடித்துவிடுங்கள். பிறகு ஒரு வேலை நாளில் நேரம் வாங்கி, ஆறாம் வகுப்புக் கணித வகுப்பில் இருபது நிமிஷம் உட்காருங்கள். பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டும் ‘ஓப்பன் ஹவுஸ்’ நாளுக்கு அழைத்தால் அது போதாது, நடக்கிற வகுப்பைப் பார்க்க விடாத பள்ளியைத் தவிர்க்கலாம். பார்த்தது பிடித்தால் இடத்தை ஏற்றுக் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் மாவட்டப் பள்ளியிலிருந்து விலகும் படிவத்தை ஆகஸ்டில் சார்ட்டரில் வகுப்பு தொடங்கும்வரை கொடுக்காதீர்கள். காத்திருப்புப் பட்டியலிலிருந்து மேலே வந்த இடம் என்றால், வளாகமும் வகுப்பும் குறிப்பிட்ட உறுதிக்கடிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது திரும்ப வேண்டியிருந்தாலும், அது பிப்ரவரியாகவே இருந்தாலும், உங்கள் முகவரிக்கு உரிய மாவட்டம் அவளைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். அப்போது கேட்பார்கள் என்பதால், சார்ட்டர் தரும் ஒவ்வொரு ஒன்பது வார மதிப்பெண் அறிக்கையின் நகலையும் வீட்டில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.